கணினி 'இல்லை' என்றால் யாரிடம் கேட்பது?

உதவித்தொகை, தேர்வு மதிப்பெண், கடன், போலீஸ் கேமரா என்று எல்லாவற்றிலும் கணினி முடிவு சொல்லத் தொடங்கிவிட்டது. அரசு அலுவலகங்களுக்கான மென்பொருளில் பல வருடம் உழன்றவன் என்பதால் இந்த முறை வாசகர் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், அதிகாரி என்றால் லஞ்சம் கேட்பார், ஆள் பார்த்துச் செய்வார். கணினிக்கு அந்தப் புத்தி கிடையாது. முடிவை அதனிடமே விட்டால் நல்லதுதானே?

பதில்: பாதி சரி. கணினி கை நீட்டாது. ஆனால் விதி எழுதிக் கொடுத்தவர் தப்புக் கணக்குப் போட்டிருந்தால், ஓர் அதிகாரி பத்துப் பேருக்குச் செய்யும் அநியாயத்தை அது லட்சக்கணக்கானோருக்குச் செய்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் இதுதான் நடந்தது. அங்கே உதவித்தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருமானத்தைச் சொல்ல வேண்டும். வரித்துறையிடம் இருப்பதோ வருடக் கணக்கு. இரண்டையும் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புரிவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாணவிக்கு முதல் ஆறு மாதம் வேலை இல்லை, உதவித்தொகையில் ஓட்டுகிறாள். பிறகு வேலை கிடைக்கிறது, உதவித்தொகை நின்றுவிடுகிறது. மீதி ஆறு மாதத்தில் 26,000 டாலர் சம்பாதிக்கிறாள். கணினி என்ன செய்தது? அந்த 26,000-ஐ வருடத்தின் 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டது. ஆக, வேலையே இல்லாத நாட்களிலும் அவளுக்கு இரண்டு வாரத்துக்கு ஆயிரம் டாலர் வந்ததாம், அதை மறைத்துவிட்டாளாம். வீட்டுக்கு நோட்டீஸ்: வாங்கியதைத் திருப்பிக் கட்டு.

இந்தக் கணக்கைவிடக் கொடுமை அடுத்த வரி. கடன் இல்லை என்றால் நீதான் நிரூபிக்க வேண்டும். பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுக்கு அவள் எங்கே போவாள்? கடையையே மூடிவிட்ட முதலாளியிடமா? மக்கள் இதற்கு 'ரோபோடெட்' (இயந்திரம் சுமத்திய கடன்) என்று பெயர் வைத்தார்கள். 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் இந்த முறை செல்லாது என்று ஆனது. 2023-இல் விசாரணை ஆணையத்தின் அறிக்கையும் அதைக் கிழித்துத் தொங்கவிட்டது.

கேள்வி: அப்போ ஏஐ ஆபத்து என்கிறீர்கள்?

பதில்: மேலே சொன்னதில் ஏஐ எங்கே வந்தது? அது நாலாம் வகுப்பு வகுத்தல். பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பெயரைப் பார்த்து நம்பவும் வேண்டாம்.

கேள்வி: தேர்வே நடத்தாமல் கணினி மதிப்பெண் போட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா அண்ணா?

பதில்: உண்மை, தம்பி. 2020-இல் கொரோனாவால் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் மாணவர்களைத் தர வரிசைப்படுத்தித் தந்தார்கள்; பள்ளியின் முந்தைய வருட முடிவுகளையும் சேர்த்து ஓர் அல்காரிதம் (கணினிக்கு எழுதிக் கொடுத்த கணக்கு முறை) கிரேடு போட்டது. ஆசிரியர் மதிப்பிட்ட கிரேடுகளில் 40 சதவீதத்துக்கு அருகில் கீழே இறங்கின. சுமாரான பள்ளியில் ஒரு கெட்டிக்காரப் பெண் படித்திருந்தால், அவளுக்கு முன்னால் படித்தவர்களின் பழைய மதிப்பெண் அவளையும் இழுத்துப் பிடித்தது. ரொம்பச் சின்ன வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடே செல்லும் என்று விதி. அது சின்ன வகுப்புகள் அதிகம் உள்ள தனியார் பள்ளிகளுக்குத்தான் தோதாகப் போனது. ஆகஸ்ட் 13-இல் முடிவு வந்தது, மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், 17-இல் வாபஸ். நாலே நாள். பாதிப்பு எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்ததால் நாலு நாள். ஆளுக்கொரு நோட்டீஸாக வீட்டுக்கு வந்திருந்தால் நாலு வருடம் ஆகியிருக்கும்.

கேள்வி: எங்கள் துறையில் கணினி பரிந்துரை மட்டும்தான் செய்யும். கடைசியில் ஒரு அலுவலர் பார்த்துத்தான் ஒப்புதல் தருகிறார். அது போதாதா?

பதில்: அந்த அலுவலரின் திரையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு திரையில் விண்ணப்பதாரர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் 'அபாயம் அதிகம்' என்று இருக்கும். ஏற்பதற்கு ஒரு பட்டன். மறுப்பதற்கு ஒரு பெட்டி, குறைந்தது இருநூறு எழுத்தில் காரணம் எழுத வேண்டும், அது மேலதிகாரிக்கும் போகும். மதியத்துக்குள் எண்பது கோப்பு முடிக்க வேண்டியவர் எதை அழுத்துவார்? அந்தப் பெட்டியை வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. தரவு சுத்தமாக இருக்கும் என்று அப்போது நினைத்தோம்.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி தேடிய கணினிக்கு, டச்சுக் குடியுரிமை இல்லாததும் ஓர் அபாயக் குறியாக இருந்தது. படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால்கூட முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் விழுந்தன. 2021 ஜனவரியில் அரசே ராஜினாமா செய்தது. அங்கேயும் அலுவலர்கள் இல்லாமல் இல்லை.

கேள்வி: கணினிப் பதிவு நீதிமன்றத்தில் சாட்சி ஆகும்போது அதை எதிர்த்துப் பேச முடியுமா?

பதில்: கஷ்டம். கணினி ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நீக்கியது. அதே காலத்தில்தான் அங்கே அஞ்சலகங்களுக்கு 'ஹொரைசன்' மென்பொருள் வந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று மென்பொருள் சொன்னது, அஞ்சலகம் நடத்தியவர்கள் திருடர்கள் ஆனார்கள். 900-க்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை, சிலருக்குச் சிறை. ஒவ்வொருவரிடமும் உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்றே சொல்லியிருக்கிறார்கள். மென்பொருளில் கோளாறு இருந்ததை 2019-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. சிலருடைய தண்டனையை நீதிமன்றமே ரத்து செய்தது; மற்றவர்களுடையதை 2024-இல் தனிச் சட்டம் போட்டுத்தான் மொத்தமாக ரத்து செய்ய முடிந்தது.

கேள்வி: முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் இப்போது துல்லியமாகிவிட்டன என்கிறார்களே?

பதில்: யாருடைய முகத்துக்கு என்று கேளுங்கள். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கறுத்த தோல் பெண்களிடம் 34.7 வரை. பிறகு நிறையத் திருந்தியிருக்கின்றன. ஆனாலும் ஒட்டுமொத்தச் சராசரியை மட்டும் காட்டுபவரிடம் பிரித்துக் காட்டச் சொல்வதுதான் என் வழக்கம்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதலே, உங்களைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை முழுக்க இயந்திரமே எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2024 ஆகஸ்டில் ஏஐ சட்டமும் வந்தது. குடிமக்களின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு ஒதுக்குவது போன்ற சிலவற்றுக்கு 2025 பிப்ரவரி முதல் தடை. மீறினால் நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு வருவாயில் 7 சதவீதம் வரை அபராதம் போடலாம். மற்ற இடங்களில் ஏற்ற இறக்கம்தான்.

கேள்வி: என் விண்ணப்பம் 'தகுதியில்லை' என்று ஒரே வரியில் திரும்பிவிட்டது. கவுண்டரில் கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்கிறார்கள். நான் என்ன எழுதுவது?

பதில்: அநியாயம், கொடுமை என்றெல்லாம் எழுத வேண்டாம், அதற்குப் பதில் எழுதாமல் நழுவிவிடலாம். மூன்றே கேள்வி கேளுங்கள்: என்னைப் பற்றிய எந்தத் தகவலை வைத்து முடிவு செய்தீர்கள், அது எந்தத் தேதியில் எங்கிருந்து வந்தது, எந்த விதிப்படி தகுதியில்லை. தகவலின் நகலையும் கேளுங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் தகவலிலேயே கோளாறு: பிறந்த தேதி மாறியிருக்கும், வேறொருவர் வருமானம் ஒட்டியிருக்கும், இனிஷியல் இடம் மாறி இரண்டு ஆளாகியிருப்பீர்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும், பதிலுக்குக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள். கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பு வந்த திரையை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அது வேறு மாதிரி இருக்கலாம்.