காசுக்காக எழுதினால் இலக்கியம் ஆகாதா?

கேள்வி: மாத நாவல் எழுதி வரும் சன்மானத்தில்தான் என் இரண்டு பிள்ளைகளின் படிப்பு நடக்கிறது. கணவர் கடன் வாங்கியே பழகியவர். "காசுக்கு எழுதுகிறாய், அதிலும் வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்கிறாய்" என்று உறவினர்கள் ஏசுகிறார்கள். எழுதுவதை விட்டுவிடலாமா? (ஒரு வாசகி)

பதில்: விடாதீர்கள், சகோதரி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் இங்கிலாந்தின் எழுத்தாளர் சார்லட் ஸ்மித்தைத்தான் நினைத்துக்கொண்டேன். 1749இல் பிறந்த அவரைப் பதினாறு வயது நிரம்பும் முன்பே பெஞ்சமின் ஸ்மித் என்ற வணிகர் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். பெஞ்சமின் ஊதாரி. 1783இல் கடனுக்காகச் சிறைக்குப் போனபோது சார்லட்டும் பல நாட்கள் அங்கே உடனிருந்தார். மறு ஆண்டு அவருடைய சானெட் என்னும் பதினான்கு வரிக் கவிதைகள் அச்சேறின. 1787இல் கணவரைப் பிரிந்து, பிள்ளைகளோடு தனியே வந்துவிட்டார். 1788 முதல் பத்தே ஆண்டுகளில் 10 நாவல்கள் எழுதினார். குடும்பம் அந்தப் பணத்தில்தான் சாப்பிட்டது.

பேரப்பிள்ளைகளுக்கென்று மாமனார் எழுதிவைத்த உயில் 1776 முதல் வழக்கில் சிக்கிக் கிடந்தது. 1806இல் சார்லட் இறந்தார். 1813இல்தான் வழக்கு தீர்ந்தது. அந்தச் சொத்தில் கரீபியத் தீவான பார்படாஸின் தோட்டத்து அடிமைகளின் உழைப்பும் இருந்தது. அவரைப் போற்றும்போது அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக் கதையை வெளியே சொன்னதாக அவரையும் ஏசினார்கள். முதல் நாவலான 'எம்மலின்'இல் வரும் திருமதி ஸ்டாஃபர்ட், ஊதாரிக் கணவனிடம் மாட்டிக்கொண்டவள், அது சார்லட்டேதான். 'டெஸ்மண்ட்' (1792) இன்னும் துணிச்சலானது. அதில் ஒரு கணவன், கடனை அடைக்கப் பணக்காரப் பிரபு ஒருவனிடம் மனைவியையே ஒப்படைக்கப் பார்க்கிறான். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரிக்கும் அந்த நாவலின் முன்னுரையில், தந்தையும் கணவனும் மகனும் சிக்கியிருக்கும் அரசியலைப் பற்றிப் பெண் ஏன் பேசக் கூடாது என்று நேராகவே கேட்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 'தி ஓல்ட் மேனர் ஹவுஸ்' (1793). பெரிய மாளிகையின் கோபுர அறையில், வேலைக்காரியின் பொறுப்பில் அடைபட்டுக் கிடக்கிறாள் மோனிமியா என்ற அநாதைப் பெண். அவள் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒரு ரகசியக் கதவு. இரவில் அதைத் திறந்துகொண்டு வரும் ஆர்லாண்டோ காதலை மட்டும் கொண்டுவரவில்லை. புத்தகங்களையும் கொண்டுவருகிறான், படிக்கக் கற்றுத்தருகிறான். மாளிகைக்காரியின் உயிலோ எங்கோ ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. உயிலால் பாதி ஆயுளைத் தொலைத்தவர் எழுதிய கதை அது. பட்டறிவு இல்லாமல் அந்தப் பக்கங்களை யாரால் எழுதியிருக்க முடியும்? காசுக்கு எழுதியது என்று அதைத் தள்ளிவிட நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.

பள்ளிக் கட்டணத்துக்காக எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உறவினர்களிடம் சொல்லுங்கள். கணவரைப் பற்றி எழுதும்போது ஊர், வேலை, பெயர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பட்ட வலியை மட்டும் மாற்றாதீர்கள். இன்னொன்று: சன்மானம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும். சார்லட்டுக்கு அந்த உரிமை இருக்கவில்லை. பிரிந்து வாழ்ந்த பிறகும் அவருடைய சம்பாத்தியம் சட்டப்படி கணவருக்கே சொந்தம். பெஞ்சமினும் அதைக் கேட்டு வந்தார்.