விரிசல் விட்ட அலாய் வீலுக்கு வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூருக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். சென்ற மாதம் கண்டெய்னர் லாரிக்கு ஒதுங்கியபோது இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அன்றுமுதல் மூன்று நாளைக்கு ஒருமுறை அந்தச் சக்கரத்தில் காற்று குறைகிறது. டயரில் பழுதில்லை, அலாய் வீலின் உள்விளிம்பில் மயிரிழை போல் விரிசல் இருக்கிறது, ஆர்கான் வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். வைக்கலாமா? இரும்பு ரிம்தான் பலமானதா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வைக்க வேண்டாம். இன்றே அந்த வீலைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டிக்கொள்ளுங்கள்.

அலாய் வீல் என்பது பெரும்பாலும் சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் கலந்த அலுமினிய வார்ப்பு. வார்த்த பிறகு அதை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுக்கும்போதுதான் அதற்கு உரிய உறுதி வருகிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டுவிடுவதால், ஒட்டிய இடம் நன்றாகத் தெரிந்தாலும் அதன் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடக்கூடும். லாரிகளுக்கு நடுவே ஓடும்போது முன்சக்கரத்தின் காற்று ஒரே நொடியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆரங்கள் வெளிப்பக்கத்தை ஒட்டி அமைவதால் உள்விளிம்புக்குத் தாங்கல் குறைவு. அடி பெரும்பாலும் அங்கேதான் விழும், நின்று பார்த்தால் தெரியாது. மற்ற மூன்று வீல்களையும் கழற்றி, டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் கடுகளவு குமிழிகள் ஒரே இடத்தில் விடாமல் கிளம்பும்.

பலம் என்று பொதுவாகக் கேட்டால் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. நல்ல அலாய் வீல் சிறிய அடிகளுக்கு வளையாமல் நிற்கும்; அளவு மீறினால் விரிசல் விடும். இரும்பு ரிம் வளைந்து கொடுக்கும், இலேசான வளைவென்றால் பெண்டு எடுத்துவிடலாம். மேலும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அதிர்வு எத்தனை முறை வந்தாலும் இரும்பு களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை கிடையாது. ஆகவே உங்கள் பாதைக்கு நான் இரும்பையே சொல்வேன், அழகு சற்றுக் குறைந்தாலும் சரி. கடற்காற்றின் உப்பு, கல்பட்டுப் பெயிண்ட் உரிந்த இடத்தில் துருவேற்றும் என்பதால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டியை எடுக்குமுன் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர்தான் பள்ளத்தின் அடியை நேராக ரிம்மிடம் சேர்ப்பது.

அலாய்தான் வேண்டும் என்றால் அதே அளவும் அதே போல்ட் இடைவெளியும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள புதியதாக வாங்குங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்து விற்கும் பழைய வீலைத் தொடாதீர்கள். அந்தப் பெயிண்டுக்கு அடியிலும் உங்களுக்குச் சொன்னது போன்ற ஒரு வெல்டிங் இருக்கக்கூடும்.