கேஸ் முடியும் வரை காத்திருக்க வேண்டாம்: குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவற்றிலும் ஒரே எண்ணம்தான் தெரிகிறது: ‘குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதானே நமக்கு ஏதாவது கிடைக்கும்?’ அப்படி இல்லை. சிகிச்சை, இலவச வக்கீல், இடைக்கால நிவாரணம், இழப்பீடு எதுவும் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில் கேட்க வேண்டும்.

அப்பா இரவு வாட்ச்மேன். திருட வந்தவர்கள் அடித்ததில் இறந்துவிட்டார். ஏழு மாதமாகியும் யாரும் பிடிபடவில்லை. கேஸே நடக்காதபோது இழப்பீடு எப்படிக் கேட்பது? (சேலம்)

தாராளமாகக் கேட்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல், விசாரணையே நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பி இருந்தவர்களோ மனு போடலாம் என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவாக இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 396-ஆம் பிரிவு. தமிழ்நாட்டுக்கென்று 2013-இல் வந்த இழப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது.

மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். எஃப்.ஐ.ஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள், கொடுத்ததற்கு உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா மாதம் எவ்வளவு சம்பாதித்தார், வீட்டில் யார் யார் அதை நம்பி இருந்தீர்கள், யாராவது படிக்கிறார்களா என்பதை மனுவிலேயே விவரமாக எழுதுங்கள், ஏனென்றால் தொகையை முடிவு செய்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். விசாரித்து முடிக்கச் சட்டம் கொடுக்கும் அவகாசம் இரண்டு மாதம். அது தாண்டினால் அதே ஆணைக்குழுவுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதுங்கள். ‘நான் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் தயவுசெய்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலையில் இருக்கும்போது நடந்த மரணம் என்பதால், தொழிலாளர் இழப்பீடோ, இஎஸ்ஐ பிடித்தம் இருந்திருந்தால் குடும்பத்துக்கான உதவித்தொகையோ கேட்க வழி இருக்கிறது. சம்பள ரசீது, ஐடி கார்டு எதையும் தொலைத்துவிடாதீர்கள். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கத்தியைக் காட்டி செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்கள். அது போதுமா? (திருப்பூர்)

போதாது. சி.எஸ்.ஆர் என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது, வழக்குப் பதிவு அல்ல. கத்தி முனையில் பறிப்பது வழிப்பறி, அதற்கு எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும், அதன் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். போடவில்லையா, புகாரை அப்படியே எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். சம்பவம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று திருப்பி அனுப்பவும் முடியாது.

தங்கைக்கு 24 வயது. தெரிந்தவனே பாலியல் வன்முறை செய்துவிட்டான். ஸ்டேஷன் படியேற மாட்டேன் என்று அழுகிறாள். (ஊர் வேண்டாம்)

அவளை இப்போது ஸ்டேஷனுக்கு இழுக்காதீர்கள், முதலில் மருத்துவமனை. அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். போலீசுக்கு அவர்கள் தகவல் சொல்வார்கள், அது அவர்கள் கடமை, ஆனால் அதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எச்.ஐ.வி தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியவை, அதனால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் கவரில் போடாமல், காகிதக் கவரில் வையுங்கள். அவள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. முன்பு உறவு இருந்ததா என்று விரலால் பார்க்கும் ‘இரு விரல் பரிசோதனை’ கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மறுபடியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டால் உங்கள் மாவட்டத்தின் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். கவுன்சலிங், சட்ட உதவி, வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால் ஐந்து நாள் வரை தங்க இடம், எல்லாம் அங்கே கிடைக்கும். வாக்குமூலமும் வீட்டிலேயே, அல்லது அவள் சொல்லும் இடத்தில், முடிந்தவரை பெண் அதிகாரியே வந்து வாங்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். பெயரை யாரும் வெளியிடக் கூடாது. அப்புறம், ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்று மட்டும் வீட்டில் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

பறிபோன தாலிச் செயினைப் போலீஸ் மீட்டுவிட்டது. கேஸ் முடிந்தால்தான் தருவார்களாம். (மதுரை)

அவ்வளவு காலம் ஆகாது. சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பொருளைத் திரும்பக் கேட்டு மனு போடுங்கள், நகைக்கடை ரசீது இருந்தால் இணையுங்கள், இல்லையென்றால் நீங்கள் அந்தச் செயினோடு இருக்கும் பழைய கல்யாணப் போட்டோவும் உதவும். படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நகையைக் கொடுத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையா, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். எண் 15100.

நான் சாட்சி. அடுத்த மாதம் கோர்ட். ‘வந்தால் பார்த்துக்கொள்கிறோம்’ என்று மிரட்டுகிறார்கள். (தூத்துக்குடி)

2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் உடனே மனு கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவெடுக்கும், ஆபத்து எவ்வளவு என்று போலீஸ் அறிக்கை கேட்பார்கள், தேவைப்பட்டால் வீட்டுக்குக் காவலும் கோர்ட்டுக்குப் போய்வரப் பாதுகாப்பும் கிடைக்கும். மிரட்டல் போனில் வந்திருந்தால் அழிக்காதீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி மனுவோடு சேருங்கள். ஆள் நேரில் வந்து நின்றால் உடனே அவசர உதவி எண் 112-க்குக் கூப்பிடுங்கள்.