கேட்டதும் சொன்னதும்: சைப்ரஸ் சிலைகளும் இன்றைய கலைஞர்களும்

கே: மகள் சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு கண்காட்சியில் பழங்காலச் சிலைகளுக்கு நடுவே இன்றைய கலைஞர்கள் செய்தவற்றையும் வைத்திருந்தார்களாம். படம் அனுப்பினாள். ஐயாயிரம் வருடத்துச் சிலைக்குப் பக்கத்தில் நேற்றுச் செய்ததை வைப்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?
– வாசகி, பட்டர்வொர்த்

ப: அம்மா, மகள் லீவுக்கு வரும்போது சைப்ரஸ் நாட்டு 1 யூரோ நாணயம் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். கைகளை விரித்து, நீளக் கழுத்தோடு ஒரு பெண் உருவம் அதில் இருக்கும். போமோஸ் என்ற கிராமத்தில் கிடைத்த சிலை அது, கி.மு. 3000 வாக்கில் செதுக்கியது. அசல் நிக்கோசியாவில் சைப்ரஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கழுத்தை மட்டும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். தன்னைப் போலவே கை விரித்த ஒரு குட்டி உருவத்தைப் பதக்கமாகத் தொங்கவிட்டிருக்கும். சிலைக்குள் சிலை வைத்து அன்றைக்கே விளையாடியவர், பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றால் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதிகப்பிரசங்கித்தனம் என்றால் நான் வேறொன்றைச் சொல்வேன். 1929இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் அயியா இரினி என்ற இடத்தில் தோண்டியபோது, ஒரு பலிபீடத்தைச் சுற்றி அரைவட்டமாக நின்ற சுமார் 2,000 சுடுமண் உருவங்கள் கிடைத்தன. கையளவு உருவம் முதல் ஆளுயரம் வரை. நம் அய்யனார் கோவில் மண்குதிரை வரிசை போல வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய பாதி இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் ஆட்சி சம்மதித்துத்தான் பங்கு பிரித்தது. கூட்டத்தையே இரண்டாகப் பிரித்ததைப் பொறுத்துக்கொண்டோம். பக்கத்தில் ஒரு புதுச் சிற்பம் வந்தால் பொறுக்க மாட்டோமா?

கே: பழைய சின்னம் ஒன்றை எடுத்துக் கேன்வாஸில் பெரிதாகப் போட்டுவிட்டு ‘மரபோடு உரையாடல்’ என்று எழுதி மாட்டுகிறார்கள். எனக்கு அது பானையில் இருந்த கோலத்தைப் போர்வையில் அச்சடிப்பது மாதிரிதான் தெரிகிறது.
– ஓவிய ஆசிரியர், ஆயர் ஈத்தாம்

ப: எனக்கும் அப்படித்தான் தெரிகிறது சார். நம் பள்ளிக்கூட ஓவியப் போட்டிகளில் வருடா வருடம் நடப்பதும் அதுதான், அதை விடுங்கள். நல்லதாக ஒன்று சொல்கிறேன்.

சைப்ரஸில் லிசி என்ற ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கோவில். 13ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். குவிமாடத்தில் கிறிஸ்து, பின்பக்க வளைவில் மரியாள். 1974இல் தீவு இரண்டாகப் பிளந்தபின் திருடர்கள் அவற்றை 38 துண்டுகளாக அறுத்துப் பெயர்த்தார்கள். 1980களில் டொமினிக் டி மெனில் என்ற அம்மையார், சைப்ரஸ் திருச்சபை சார்பில் அவற்றை வாங்கிச் சீர்படுத்தினார். 1997இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் அவற்றுக்கென ஒரு கட்டடம் திறந்தார்கள். அங்கே கோவிலைப் பிரதி எடுக்கவில்லை. மங்கலான கண்ணாடித் தகடுகளை இருட்டில் தொங்கவிட்டு, கோவிலின் வளைவுகளைக் கோடாக மட்டும் காட்டினார்கள். கல்லால் கட்டியிருந்தால் சினிமா செட்டாகியிருக்கும்.

2012இல் ஓவியங்கள் சைப்ரஸுக்குத் திரும்பின. ஆனால் லிசி துருக்கியக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பதால் சொந்தச் சுவருக்குப் போக முடியவில்லை; நிக்கோசியா பைசாந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹூஸ்டனில் மிஞ்சியது காலிக் கட்டடம். 2015இல் ஜேனட் கார்டிஃப், ஜார்ஜ் பியூர்ஸ் மில்லர் என்ற கனடா நாட்டுக் கலைஞர் தம்பதி அதற்குள் 150க்கும் மேற்பட்ட பழைய கண்ணாடிகளைத் தொங்கவிட்டு மெதுவாகச் சுழல வைத்தார்கள். வாயேஜர் விண்கலங்கள் கோள்களருகே பதிவு செய்த மின்காந்த அலைகளை ஒலியாக்கிப் பின்னணியில் ஓடவிட்டார்கள். நான் ஹூஸ்டன் போனதில்லை, வீடியோவில் பார்த்ததுதான். கிறிஸ்துவின் முகத்தையோ மரியாளின் கையையோ அவர்கள் தொடவே இல்லை. வானத்தைக் காட்டிய குவிமாடம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொரு வானத்தை வைத்தார்கள். போர்வை அச்சுக்கும் இதற்கும் தூரம் தெரிகிறதா?

கே: சைப்ரஸ் இருக்கட்டும். நம்ம ஊரில், மலேசியாவில், எதோடு உரையாடுவது?
– கலைக்கல்லூரி மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்

ப: தம்பி, பினாங்கு வந்தால் எல்லாரும் போல ஆர்மினியன் ஸ்ட்ரீட் சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் போட்டோ எடுப்பீர்கள். எடுங்கள். லித்துவேனியாக்காரர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் 2012இல் வரைந்தது. அங்கே சுவரோடு பொருத்தியிருக்கும் நிஜ சைக்கிளை விட எனக்குப் பிடித்தது பின்னால் இருக்கும் பழைய சுவர்தான். வெயிலும் ஈரமும் சேர்ந்து சாயத்தை வெளுக்க வைக்கின்றன, சுவர் தன் பங்குக்குப் பதில் பேசுகிறது.

அப்புறம் கெடாவுக்குக் காரை விடுங்கள். பூஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக்கில், புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது (சண்டி என்றால் பழங்காலக் கோவில்). கல் அடித்தளமும் தூண் நின்ற கல் பீடங்களும் மட்டும் மிச்சம். மரத்தூணும் கூரையும் மக்கிப் போய்விட்டன. கூரையை நீங்கள் கட்டிக் காட்ட வேண்டாம். அது இல்லாததை எப்படிக் காட்டுவீர்கள் என்று யோசியுங்கள். அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை 2013இல் வீடமைப்புக்காக இடித்த செய்தி அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. அந்தக் காலி இடத்தை வைத்து நீங்கள் ஏதாவது செய்தால் சொல்லுங்கள், டிக்கெட் போட்டாலும் வந்து பார்க்கிறேன். மழை மாதத்தில் போகாதீர்கள், கல் வழுக்கும்.