எண்ணூர் கழிமுகத்தை ஆராய வருபவர்கள் தண்ணீரோடு சேற்றையும் ஏன் அள்ளிப் போகிறார்கள்?

கடலோரச் சூழலின் ஆரோக்கியம் என்றால், அங்கே இருக்க வேண்டிய உயிர்கள் பிழைத்து இனம் பெருக்க முடிகிறதா என்பதுதான். சரி, அதற்குச் சேறு எதற்கு?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் இது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஓதம் ஏறி இறங்குவதால் காலையில் மொண்ட தண்ணீரும் மாலையில் மொண்டதும் ஒன்றாக இருக்காது, ஆனால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வீட்டுச் சம்ப்பில் மேல் தண்ணீர் பளிச்சென்று இருந்தாலும், கழுவ இறங்கி அடிவண்டலைப் பார்த்தால்தானே இத்தனை நாள் என்னென்ன வந்து சேர்ந்தது என்று தெரியும், அதே கதை. அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் என எல்லாவற்றின் தடமும் சேற்றில் தங்கும்.

அப்புறம் சேற்றில் வாழும் புழுக்களையும் எண்ணுவார்கள் (எனக்கு இதுதான் சுவாரசியம்). பல வகை இருந்தால் நல்லது. ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும் ஓரிரு வகை மட்டும் மொய்த்தால் ஏதோ கெட்டிருக்கிறது.

தண்ணீர் கலங்கலாக இருந்தாலே மாசு என்று பலர் நினைக்கிறார்கள். கழிமுகம் இயல்பிலேயே கலங்கல்தான், கரைந்த உலோகமோ தெளிந்த தண்ணீரிலும் இருக்கும்.