சாமி முடி: பழைய கிரேக்கரும் ரோமானியரும் தலைமுடியை யாருக்குக் கொடுத்தார்கள்?

கேள்வி: பேகன் மதங்களில் தலைமுடிக்கு ஆன்மிக சக்தி இருப்பதாக நம்பினார்களா? சடங்குகளில் முடியை வெட்டிக் கொடுத்தது எதற்காக?

இந்தக் கேள்வியை இணையத்தில் தேடினால் "முடி என்பது ஆன்டெனா, பிரபஞ்ச சக்தியை உள்ளே இழுக்கும்" என்கிற மாதிரி வீடியோக்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். பழைய கிரேக்கரோ ரோமானியரோ அப்படிச் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. அவர்கள் எழுதிவைத்ததில் இருப்பது வேறு விஷயம். நம் ஊர்க்காரர்களுக்கு அது பாதி விளக்கத்திலேயே புரிந்துவிடும். முடி ஒரு கடன். யாருக்கோ நேர்ந்து வளர்ப்பது, நாள் வந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பது.

'பேகன்' என்பது ஒரே மதத்தின் பெயர் இல்லை. லத்தீனில் 'பகானுஸ்' என்றால் நாட்டுப்புறத்தான். கிறிஸ்தவம் பரவிய காலத்தில், பழைய சாமிகளை விடாதவர்கள் எல்லாரையும் சேர்த்து அப்படிக் கூப்பிட்டார்கள். அதில் நான் ஓரளவு படித்தது கிரேக்க, ரோமானியப் பக்கம். அதையே சொல்கிறேன்.

இதில் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் என் பையன். அவனுக்கு ஒரு வயது முடிந்ததும் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முதல் மொட்டை போடுவதாக இருந்தோம். 2020 வந்தது. நாங்கள் இருந்தது மஸ்கட்டில். விமானம் இல்லை, ஊரில் கோயிலும் திறக்கவில்லை. முடி மட்டும் நிற்காமல் வளர்ந்தது. ஒவ்வொரு வீடியோ காலிலும் மாமியார், "கத்திரி வெச்சிராதீங்க, அது சாமி முடி" என்பார். இரண்டரை வயதில் தோளைத் தொட்டுவிட்டது. காலையில் ரப்பர் பேண்ட் போட்டுக் குடுமி கட்டிவிடுவேன். மருந்துக்கடையில் நிற்கும்போது யாராவது வந்து "பாப்பா பேர் என்ன?" என்று கேட்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த நாட்களில் ஒரு ராத்திரி ஹோமரின் இலியட் காவியத்தில் 23ஆம் காண்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த இடம் இதுதான். அக்கிலீஸின் உயிர்த்தோழன் பத்ரோக்ளஸ் செத்துவிட்டான். டிராய் நகருக்கு வெளியே கடற்கரையில் சிதை அடுக்குகிறார்கள். படைவீரர்கள் ஆளுக்கொரு கொத்து முடியை வெட்டிப் பிணத்தின் மேல் போடுகிறார்கள், உடம்பே முடியால் மூடிப்போகிறது. இதுவரைக்கும் துக்கச் சடங்கு. அப்புறம் அக்கிலீஸ் சிதையை விட்டுத் தள்ளிப் போய் நிற்கிறான். அவன் தலையில் இருப்பது சும்மா வளர்ந்த முடி இல்லை. மகன் போர் முடிந்து நல்லபடியாகத் திரும்பினால் அந்த முடியையும், கூடவே 50 கிடாய்களையும் தருகிறேன் என்று அவன் அப்பா பெலேயுஸ் சொந்த ஊர் ஆறான ஸ்பெர்கெயோஸுக்கு நேர்ந்திருந்தார். அக்கிலீஸுக்கோ தான் ஊர் திரும்பப் போவதில்லை என்று தெரியும். கடலைப் பார்த்தபடி அந்த ஆற்றைக் கூப்பிட்டுப் பேசுகிறான். அப்பா வேண்டிக்கொண்டார், நீ நிறைவேற்றவில்லை, நான் ஊருக்கு வரப்போவதில்லை, இந்த முடியை இவன் எடுத்துக்கொண்டு போகட்டும். சொல்லிவிட்டு முடியை அறுத்துத் தோழனின் கையில் வைக்கிறான். கூடி நின்றவர்கள் எல்லாரும் அழுகிறார்கள்.

போர்க்களத்தில் இருந்துகொண்டு ஊர் ஆற்றிடம் கணக்குத் தீர்க்கிறான் அந்த ஆள். முடி தன் தலையில் இருந்தாலும் அது தன்னுடையது இல்லை என்று நினைப்பவன்தான் இப்படிப் பேசுவான். இன்னொருவருக்கு நேர்ந்ததை எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பதால்தான் ஆற்றிடம் அத்தனை காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது சரி, ஆற்றுக்கு எதற்கு முடி? ஹெசியோட் என்கிற பழைய கவி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவது அப்பொல்லோ தெய்வமும் ஆறுகளும் ஓடைப்பெண்களும்தான் என்கிறார். ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்பு, அந்தத் தண்ணீருக்குக் கடன்பட்டிருக்கிறது. கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய ஈஸ்கிலஸின் நாடகம் ஒன்று இதைப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. வெளியூரில் வளர்ந்த ஒரெஸ்டீஸ் திரும்பி வந்து அப்பாவின் சமாதியில் நிற்கிறான். அவன் கொடுப்பது இரண்டு கொத்து. ஒன்று இனாகோஸ் ஆற்றுக்கு, வளர்த்ததற்கான கைம்மாறாக. இன்னொன்று செத்த அப்பாவுக்கு, துக்கத்துக்காக. கொத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு.

இப்படிப் பார்த்தால் வாழ்க்கையில் எந்தெந்த இடத்தில் கத்தி வருகிறது என்பதும் புரியும். பையன் இளைஞனாகும்போது, பெண் கல்யாணத்துக்கு முன்னால், கடல் கடந்து பிழைத்து வந்த பிறகு, வீட்டில் சாவு விழுந்தபோது. ஏதென்ஸில் அபதூரியா என்கிற குலத் திருவிழாவின் மூன்றாம் நாளுக்குப் பெயரே முடிவெட்டோடு சேர்ந்தது. பையன்களைக் குலத்தில் சேர்க்கும் நாள் அது. திரோய்சென் ஊரில் பெண்கள் தாலிக்கு முந்தி (தாலி இல்லைதான், நம் வழக்கில் சொல்கிறேன்) ஒரு கொத்தை ஹிப்போலிட்டஸ் கோயிலில் வைப்பார்கள். டெலோஸ் தீவில் நடந்ததை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் விவரமாகவே எழுதியிருக்கிறார். வடக்கே எங்கோ தூர தேசத்திலிருந்து காணிக்கை கொண்டுவந்து அங்கேயே இறந்துபோன கன்னிப்பெண்களுக்கு அங்கே ஒரு சமாதி உண்டு. ஆர்டிமிஸ் கோயிலுக்குள் நுழைந்தால் இடது கைப்பக்கம், மேலே ஒலிவ மரம் முளைத்து நிற்கும். கல்யாணத்துக்கு முன் பெண்கள் வெட்டிய முடியை நூல் நூற்கும் கதிரில் சுற்றி அந்தச் சமாதியில் வைப்பார்கள், பையன்கள் பச்சைத் தழையில் சுற்றி வைப்பார்கள்.

பெரும்பாலும் கொடுத்தது ஒரு கொத்துதான், முழு மொட்டை அல்ல. நம்மில் பெண்கள் பூமுடி கொடுக்கிற மாதிரி. ஒரு கொத்து எப்படி முழு ஆளுக்கு ஈடாகும்? பலி கொடுப்பதைப் பார்த்தால் தெரியும். கிரேக்கர்கள் ஆட்டையோ மாட்டையோ வெட்டுவதற்கு முன் அதன் நெற்றியில் கொஞ்சம் முடியைக் கத்தரித்துத் தீயில் போடுவார்கள். அதோடு அந்த மிருகம் சாமிக்கு என்று ஆகிவிட்டது, மிச்சமெல்லாம் பிறகு. (தலையில் தண்ணீர் தெளித்து, அது தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. கிடாவெட்டுக்குப் போன யாருக்கும் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.) யூரிப்பிடீஸின் நாடகம் ஒன்றில் மரண தேவனே கையில் வாளோடு வருகிறான். யாருடைய முடியை இந்த வாள் வெட்டுகிறதோ அவர் பாதாள தெய்வங்களுக்கு உரியவர் என்கிறான். பலியாட்டுக்குச் செய்கிற அதே முதல் வெட்டு. ஆக, முடியைக் கொடுப்பது என்றால் தன்னையே அச்சாரமாகக் கொடுத்துவிட்டு, உடம்பை மட்டும் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வருவது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சக்தி என்கிற பேச்சே இல்லையா என்றால், இருக்கிறது. மெகாரா நகரத்து அரசன் நிசோஸின் தலையில் ஒரே ஒரு ஊதா முடி, அது இருக்கும்வரை ஊர் விழாது, மகளே அதை அறுத்து எதிரிக்குக் கொடுத்தாள் என்று ஒரு கதை. ஆனால் அது கதை. கோயிலுக்குப் போன சாதாரண ஜனம் செய்தது நேர்த்திக்கடன்தான். ஜெர்மானியர்களிடமும் இதே சாயல் உண்டு. கத்தி (Chatti) என்கிற குலத்து இளைஞர்கள், ஒரு எதிரியைக் கொல்லும்வரை முடியையும் தாடியையும் வெட்ட மாட்டார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார்.

கொடுத்த முடி என்ன ஆனது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். திட்டானே என்ற ஊரில் ஆரோக்கிய தெய்வமான ஹைஜியாவின் சிலையைப் பார்க்கப் போன பௌசானியாஸ் என்கிற கிரேக்கப் பயணி, சிலையே சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார். பெண்கள் வெட்டிக் கட்டிய முடியும், பாபிலோனியத் துணிக் கிழிசல்களும் அவ்வளவு மூடியிருந்தனவாம். பனாமரா என்று ஒரு மலைக்கோயில், இன்றைய துருக்கியின் தென்மேற்கில். அங்கே ஜீயஸுக்கு முடி கொடுத்தவர்கள் கல்லில் சின்னக் குழி வெட்டி, அதில் முடியை வைத்து, பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முடி மக்கிப்போனது, பெயர்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் தெசாலிப் பகுதியிலிருந்து வந்த ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. பிலோம்ப்ரோட்டோஸ், அப்தொனேட்டோஸ் என்ற அண்ணன் தம்பி பொசைடனுக்குக் கொடுத்தது. அதில் சாமி உருவமோ ஆள் உருவமோ கிடையாது. இரண்டு பின்னல் சடை, அவ்வளவுதான் செதுக்கியிருக்கிறது. கல்லில் இழை இழையாகப் பின்னல் தெரியும்.

வசதி உள்ளவர்கள் வேறு மாதிரி. ரோமானியப் பேரரசன் நீரோ முதல் தடவை தாடி மழித்தபோது அந்த ரோமத்தைத் தங்கப் பெட்டியில் போட்டு, விலை உயர்ந்த முத்துக்கள் பதித்து, காபிடோலின் குன்றிலிருந்த ஜூபிடருக்குக் கொடுத்தான். ஆடம்பரத்துக்கு அந்தக் காலம் இந்தக் காலம் இல்லை. அதைவிட என்னைத் தொட்டது சிரியாவில் ஹியெராபோலிஸ், அதாவது இன்றைய மன்பிஜ், கோயிலைப் பற்றிய ஒரு குறிப்பு. எழுதியது லூசியன் என்பார்கள், கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அங்கே பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே சாமிக்கென்று ஒரு கொத்து வளர்ப்பார்கள். வயது வந்ததும் கோயிலில் வெட்டி வெள்ளி அல்லது தங்கச் சிமிழில் போட்டு, பெயர் எழுதி, சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வருவார்கள். இதையெல்லாம் வெளியாள் மாதிரி விவரித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் சொல்கிறார்: சின்ன வயதில் நானும் இதைச் செய்தேன், என் முடியும் பெயரும் இன்னும் அந்தக் கோயிலில் இருக்கின்றன.

நமக்கும் அவர்களுக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம். நாம் கொடுத்த முடியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. என் பையனுக்குக் கடைசியில் மூன்று வயது தாண்டித்தான் மொட்டை போட முடிந்தது. மாமன் மடியில் அவன் போட்ட கூப்பாட்டில் நாவிதர் இரண்டு முறை கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டு வருஷம் நான் எண்ணெய் வைத்துச் சீவிய முடி, ஒரு நிமிஷத்தில் பக்கத்தில் கிடந்த சாக்குக்குள் போனது. "என் முடி எங்கே?" என்றான். "சாமிகிட்ட" என்றார் மாமியார். சாக்கு ஏலத்துக்குப் போகும் என்பது அவருக்கும் தெரியும். கொடுத்தாயிற்று, அப்புறம் அது எங்கே போனால் என்ன என்பதுதான் நம் கணக்கு.

இந்தக் கணக்கு 2004இல் ஒரு பெரிய சிக்கலைக் கிளப்பியது. கல்யாணமான ஆசாரமான யூதப் பெண்கள் பலர் சவுரி முடி வைத்துத் தலையை மறைப்பார்கள். அந்த விக்குகளில் திருமலையில் இறக்கிய முடி கலந்திருக்கிறது, அது வேறு தெய்வத்துக்குப் படைத்த பொருள், அதைத் தொடக்கூடாது என்று எருசலேமில் ரப்பி (யூத மதகுரு) எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் விக்குகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். அவர்கள் அன்று உட்கார்ந்து விவாதித்தது உங்கள் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. முடியை வெட்டுவதே பூஜையா? இல்லை, வேண்டாத அழுக்கைக் கழித்துவிட்டுச் சுத்தமாகச் சாமி முன் நிற்பதற்கான ஏற்பாடா? பக்தர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் வீட்டிலேயே மாமியார் ஒன்று சொல்வார், மாமனார் ஒன்று சொல்வார். கிரேக்கர்களிடம் கேட்டிருந்தால் சந்தேகமில்லாமல் காணிக்கை என்றிருப்பார்கள். அழுக்கை யாராவது வெள்ளிச் சிமிழில் போட்டுப் பெயர் எழுதி மாட்டுவார்களா?

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கி.மு. 246இல் எகிப்தின் அரசன் மூன்றாம் தாலமி சிரியாவுக்குப் படையெடுத்துப் போனான். புதுப்பெண் பெரனிகே, அவன் நல்லபடியாகத் திரும்பினால் முடி தருவதாக வேண்டிக்கொண்டாள். திரும்பினான், கொடுத்தாள். கோயிலில் வைத்த முடி மறுநாள் காணோம். அரண்மனையில் என்ன கலவரம் நடந்திருக்குமோ, கோனோன் என்கிற வானியலாளர் சமயோசிதமாக வானத்தைக் காட்டி, அதோ, தெய்வங்கள் அங்கே எடுத்து வைத்துவிட்டார்கள் என்றார். கல்லிமாக்கோஸ் என்கிற கிரேக்கக் கவி அதை வைத்து ஒரு கவிதை எழுதினார். அதில் பேசுவது அந்த முடிதான். நட்சத்திரமாகி என்ன பிரயோஜனம், ராணி தலையிலேயே இருந்திருக்கலாம் என்று புலம்பும். இரும்பு வந்தால் மலையே நிற்காது, முடி என்ன செய்யும் என்றும் கேட்கும்.

அந்த நட்சத்திரக் கூட்டத்துக்கு இன்றைக்கும் பெரனிகேயின் கூந்தல் என்றுதான் பெயர். ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போங்கள். உத்திரத்துக்கும் சுவாதிக்கும் நடுவே, கொஞ்சம் வடக்கே தள்ளி, உச்சிக்குப் பக்கத்தில் மங்கலாகச் சிதறிக் கிடக்கும். நிலா இல்லாத நாளாக இருக்கட்டும், தெருவிளக்கு இல்லாத ஊராக இருந்தால் இன்னும் நல்லது.