ரத்மைன்ஸ் எந்தப் பங்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் டப்ளினில் ரத்மைன்ஸ் என்ற இடத்தில் குடியிருக்கிறா. அந்த இடத்தின் பழைய வரலாற்றைத் தேடப்போய், அயர்லாந்தின் பழைய பங்குப் பட்டியலை முழுக்கப் பார்த்தும் ரத்மைன்ஸ் இல்லை என்கிறா. ஆனால் வீட்டுக்குக் கிட்டவே ரத்மைன்ஸ் பங்குக் கோயில் நிற்கிறதாம். இது எப்படி?
– வாசகி, கல்லடி

பதில்: கல்லடியைப் பிரதேச செயலகப் பட்டியலில் தேடினால் கிடைக்குமா? மண்முனை வடக்கு என்று தேடினால்தான் கிடைக்கும். பற்று என்ற நிர்வாகப் பிரிவு ஒன்று, கோயில் பங்கு இன்னொன்று, மாநகர சபை வட்டாரம் வேறொன்று. அங்கேயும் இதே கதைதான்.

அயர்லாந்தில் பங்கு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று சிவில் பங்கு. இடைக்காலத் திருச்சபை வகுத்த எல்லையை, மதச் சீர்திருத்தத்தின் பின் அரசு சார்ந்த புரட்டஸ்தாந்துத் திருச்சபையான அயர்லாந்துத் திருச்சபை வைத்துக்கொண்டது. காணி, வரி அலுவல்களுக்கு அரசாங்கமும் அதையே எடுத்துக்கொண்டது. மற்றது கத்தோலிக்கப் பங்கு. அந்தச் சீர்திருத்தத்தோடு பழைய கோயில்களை இழந்த கத்தோலிக்கர், பின்னர் சனம் எங்கே கூடியதோ அங்கே தமக்கென்று புதிய எல்லை போட்டார்கள். அதனால் இரண்டும் பொருந்துவது குறைவு.

சிவில் கணக்கில் ரத்மைன்ஸ் ஒரு பங்கே அல்ல. அப்பர்குரொஸ் என்ற பிரிவில், புனித பேதுரு பங்குக்குள், கிழக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று காணிப்பிரிவுகளாக அது கிடக்கிறது. இப்படியான காணிப்பிரிவை அங்கே டவுன்லாண்ட் என்பார்கள். கத்தோலிக்கப் பங்காக அது 1823இல்தான் பிரிந்தது. அதற்கு முன் நகர மதிலுக்கு வெளியே இருந்த புனித நிக்கலஸ் பங்கைச் சேர்ந்தது. 1847இல் ரத்மைன்ஸ் தனக்கென ஆணையாளர்கள் உள்ள தனி நகரப் பிரிவானது. 1862இல் பக்கத்து ஊரான ரத்கார் அதோடு சேர்ந்தது. 1930இல் எல்லாம் டப்ளின் மாநகரத்துக்குள் போனது. குடிசன மதிப்பீட்டிலோ தேர்தல் பிரிவின் பெயரில்தான் வரும்: ரத்மைன்ஸ் அண்ட் ரத்கார் கிழக்கு, அல்லது மேற்கு.

கொப்பியின் முதல் பக்கத்தில் இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காணி, வரி ஏடென்றால் புனித பேதுரு. ஞானஸ்நானம் 1823க்கு முன்பென்றால் புனித நிக்கலஸ், பின்பென்றால் ரத்மைன்ஸ். தெரு விளக்கு, வடிகால், உள்ளூர் வரி பற்றிய தீர்மானங்கள் 1930 வரை அந்த நகரப் பிரிவின் ஏடுகளில். இதைச் செய்யாமல் தேடல் பெட்டியில் ரத்மைன்ஸ் என்று மட்டும் அடிப்பவர்களுக்கு பல ஆவணங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வி: ரத் என்றால் என்ன பொருள்?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: ஐரிஷ் மொழியில் வட்டமாக மண் அணை கட்டிய பழைய குடியிருப்பு. ரத்கார், ரத்ஃபார்னம் என்று பக்கத்து ஊர்ப் பெயர்களிலும் அதே சொல்தான்.

கேள்வி: ஒரு குறிப்பிட்ட வீட்டில் நூறு வருடத்துக்கு முன் யார் இருந்தார்கள் என்று பார்க்க வழி உண்டா? 1901ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் வீட்டு இலக்கத்தைத் தேடினால் சம்பந்தமில்லாத குடும்பம் வருகிறது.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அந்தக் கணக்கில் நீங்கள் காணும் இலக்கம் பல இடங்களில் கதவு இலக்கமே அல்ல, கணக்கெடுப்பாளர் தன் வசதிக்காகப் போட்ட வரிசை எண். பலர் விழும் முதல் குழி இது.

அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2 ஆகிய இரு நாட்களின் கணக்கும் இலவசம். முதலில் தெருவைத் திறந்து, படிவம் பி1 என்பதைப் பாருங்கள். சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை யன்னல் என்று வீடு வீடாக இருக்கும். அதோடு தோம்ஸ் தெருக் கையேட்டை வைத்துப் பொருத்துங்கள். 1844 முதல் வந்த கையேடு அது. தெருவின் ஒரு முனையிலிருந்து கதவு இலக்கத்தோடு வீட்டுக்காரர் பெயரைத் தரும், குறுக்குத் தெரு எங்கே வருகிறது என்பதையும் சொல்லும். இரண்டு மூன்று அயலவர்களின் பெயர் வரிசையாகப் பொருந்தினால் வீடு உறுதி. ஒரு பெயர் மட்டும் பொருந்துவதை நம்பவேண்டாம். ரத்மைன்ஸில் இன்னொரு சிக்கல்: ஒட்டுவீட்டு வரிசை ஒவ்வொன்றும் தனிப் பெயரும் தனி இலக்கமும் கொண்டிருந்து, பின்னர் தெரு முழுவதற்கும் ஒரே இலக்கவரிசை வந்தது. பழைய 5 இன்றைய 5 அல்ல.

வயதையும் அப்படியே எடுக்காதீர்கள். 1901இல் 58 என்றவர் 1911இல் 72 ஆகியிருப்பார். 70 வயதானவர்களுக்கு 1909 சனவரியிலிருந்து ஓய்வூதியம் கிடைத்தது. எல்லாருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதோ 1864இல். அந்த வயதுக்காரரிடம் அரசின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஏது? வயதைக் கூட்டிச் சொல்ல வழி இருந்தது.

இன்னும் பின்னே போக கிரிஃபித் மதிப்பீடு (1847–1864) உண்டு. நம் சோலைவரி போன்ற உள்ளூர் வரிக்காக எடுத்த கணக்கு அது. குடியிருப்பவர், அவருக்குக் குத்தகை கொடுத்தவர், காணியின் அளவு, பெறுமதி இருக்கும்; மனைவி மக்கள் இருக்கமாட்டார்கள். அளவு ஏக்கர், ரூட், பேர்ச்சில்: 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். பேர்ச் நமக்குப் பழகிய அளவுதான், 160 பேர்ச் ஓர் ஏக்கர். பின்வந்த திருத்த ஏடுகளில் ஆள் மாறியதை வேறு வேறு நிற மையால் எழுதினார்கள். கறுப்பு வெள்ளைப் பிரதி எடுத்தால் எந்த மாற்றம் எந்த ஆண்டுக்குரியது என்பது தெரியாமல் போகும். நிறப்பிரதியே கேளுங்கள்.

கேள்வி: ரத்மைன்ஸ் கோயிலின் பச்சைக் குவிமாடம் ரஷ்யாவுக்குச் செய்ததாம். உண்மையா?
– வாசகி, புளியந்தீவு

பதில்: பட்ரிக் பேர்ன் வரைந்த கோயில் அது. 1920 சனவரியில் தீப்பிடித்துக் குவிமாடம் விழுந்தது. பிறகு வந்ததுதான் இன்றைய செப்புக் குவிமாடம். சென். பீட்டர்ஸ்பர்க் கோயில் ஒன்றுக்காகச் செய்தது, ரஷ்யப் புரட்சியால் அங்கே போகாமல் நின்றுவிட்டது என்று ஊரார் சொல்வார்கள். இப்படியான வாய்வழிக் கதையை வீசிவிடவும் கூடாது, வரலாறாக அச்சிடவும் கூடாது. “ஊரில் சொல்லப்படுவது” என்று குறித்து வையுங்கள். செய்த பட்டறையின் கட்டளைப் புத்தகம், பங்கின் கணக்கேடு, 1920ஆம் ஆண்டுப் பத்திரிகைகள் ஆகிய மூன்றில் ஒன்றாவது பேசினால்தான் அது உண்மையாகும்.

கேள்வி: அயர்லாந்தின் பதிவுகள் எல்லாம் எரிந்துவிட்டன என்று கேள்விப்பட்டோம். பிறகு எதைத் தேடுவது?
– வாசகர், கல்முனை

பதில்: 1922 யூன் 30இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் அழிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீடுகளில் பெரும்பகுதியும், அங்கே ஒப்படைத்திருந்த அயர்லாந்துத் திருச்சபை ஏடுகளும் போயின. கத்தோலிக்க ஏடுகள் தப்பின. அவற்றைப் பங்குகளே வைத்திருந்தன. தேசிய நூலகம் அவற்றின் நுண்படங்களை, ஏறத்தாழ 1880 வரை, 2015 முதல் இலவசமாகக் காட்டுகிறது. அந்தத் தளத்தில் பெயரால் தேடமுடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். பல ஏடுகள் இலத்தீனில் இருக்கும்: யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரையும் விடாமல் எழுதுங்கள். அநேகமாக அவர்கள் உறவினர்கள். ஒரே பெயரில் மூன்று யாகோபுஸ் வரும்போது பிரித்தறிய அதுதான் துணை.

கேள்வி: எங்கள் பங்கின் பழைய ஏடுகளையும் இப்படிப் படமெடுத்து வைக்க விரும்புகிறோம்.
– இளைஞர் மன்றத்தினர், தாண்டவன்வெளி

பதில்: பங்குத்தந்தையின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். கை கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது. யன்னலோர வெளிச்சம் போதும், நேர்வெயிலும் ஃபிளாஷும் வேண்டாம். முதுகு உடையாமல் இருக்க இரு அட்டைக்கும் கீழே சுருட்டிய துணி வையுங்கள். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தவறியதா, வெறுமையா என்று பிறகு சண்டை வரும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி மையைத் தின்னும். கோப்புப் பெயர் ஏடு, ஆண்டு, பக்கம் என்ற ஒழுங்கில் இருக்கட்டும்.

உயிரோடிருப்பவர்களின் விபரத்தை இணையத்தில் போடவேண்டாம். அயர்லாந்துச் சிவில் பதிவுகளிலேயே பிறப்பு 100, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டு கடந்தவைதான் இலவச இணையத்தளத்தில் கிடைக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் நாம். பிரதிகளில் ஒன்றை மாவட்டத்துக்கு வெளியே வையுங்கள்.